கோபம், பயம், ஏக்கம்: உணர்ச்சிச் சொற்களை அவற்றின் சொற்குடும்பத்தோடு கையாள ஒரு முழுமையான வழிகாட்டி

பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால் அடுத்து வரும் செய்திகளைக் கவனித்துப் பாருங்கள். கடல் சீற்றம், கடல் கொந்தளிப்பு, மீனவர்கள் கலக்கம், உறவினர்கள் பதற்றம், படகு கரை சேர்ந்ததும் மகிழ்ச்சி. ஐந்தும் உணர்ச்சியைச் சொல்லும் பெயர்ச்சொற்கள். இரண்டைக் கடலுக்குக் கொடுத்திருக்கிறோம், மூன்றை மனிதர்களுக்கு.

தொண்டி முதல் வாலிநோக்கம் வரை இந்தக் கரையில் பள்ளிக்கூடக் கட்டுரையோ, அதிகாரிக்கு மனுவோ, கதையோ, எதை எழுத உட்கார்ந்தாலும் இந்தச் சொற்கள் தேவைப்படுகின்றன. சொல் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் "புயல் வந்தபோது எல்லோரும் பயமாக இருந்தார்கள்" என்று எழுதிவிடுகிறோம். வாக்கியம் ஏதோ இடிக்கிறது, ஏன் என்று பிடிபடுவதில்லை. "பயம்" என்ற சொல் எந்த வினையோடு சேரும், எந்த வேற்றுமையைக் கேட்கும், அதன் அடையாக (பெயருக்கோ வினைக்கோ முன்னால் நின்று விளக்கும் சொல்லாக) எந்த வடிவம் வரும் என்பதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தராததுதான் காரணம். அதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: அளவைத் தீர்மானியுங்கள்

எழுதுமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, உணர்ச்சி எவ்வளவு என்பது. "மிகவும் கோபம்", "மிக மிகக் கோபம்" என்று அடுக்குவதைவிட அந்த அளவுக்கான சொல்லையே எடுப்பது நல்லது. கோபத்தில் மட்டும் எத்தனை படிகள் இருக்கின்றன பாருங்கள். ஏலத்தில் மீனை அடிமாட்டு விலைக்குக் கேட்டால் வருவது எரிச்சல். அதையே தினமும் செய்தால் கடுப்பு. எடையில் கைவைத்தால் கோபம். கேட்கப் போன இடத்தில் கேலி செய்தால் ஆத்திரம். அது கட்டுமீறி வெளியே வந்தால் சீற்றம். அறிவை மறைத்துவிட்டால் வெறி.

ஆத்திரத்துக்கு அவசரம் என்ற பொருளும் உண்டு. "ஆத்திர அவசரத்துக்கு ஒரு ஆட்டோ கிடைக்கவில்லை" என்று சொல்வதில் கோபம் துளியும் கிடையாது. "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்ற பழமொழியில் கோபம், அவசரம் இரண்டுமே பொருந்துகின்றன. கோபத்தைவிட ஆத்திரத்தில் ஒரு பொறுக்கமாட்டாமை கூடுதலாக இருப்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

பயத்துக்கும் இப்படியே: தயக்கம், கலக்கம், பயம், நடுக்கம், திகில், பீதி. இதில் பீதி பெரும்பாலும் கூட்டத்துக்கு உரியது. "ஊரில் பீதி பரவியது" என்போம். "எனக்குப் பீதி" என்று ஒருவர் சொன்னால் கேட்க வேடிக்கையாக இருக்கும். சினம், வெகுளி, உவகை, களிப்பு எல்லாம் நல்ல சொற்கள்தான். ஆனால் இன்றைய உரைநடையில் அவை ஏட்டுத்தனமாகத் தெரியும். வெகுளி இன்னொரு வம்பும் செய்யும். தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில் (உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளில்) ஒன்றாக வெகுளியைச் சொல்லும்போது அது கோபம். இன்று "அவன் ஒரு வெகுளி" என்றால் கள்ளம் கபடம் தெரியாதவன். பழைய பொருளில் எழுதினால் வாசகர் தடுமாறுவார்.

இரண்டாம் படி: காரணத்தைக் கேளுங்கள்

தொல்காப்பியம் ஒவ்வொரு மெய்ப்பாட்டுக்கும் நான்கு நிலைக்களன்கள் (அது பிறக்கும் காரணங்கள்) சொல்கிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. அதாவது அவமானம், இழப்பு, நிலை தாழ்தல், இல்லாமை. எழுதுகிறவர்களுக்கு இது இன்றைக்கும் கைகொடுக்கும் கருவி என்பேன். "அழுதாள்" என்று எழுதுமுன் எதனால் என்று கேட்டால் சரியான பெயர்ச்சொல் தானாக வந்து நிற்கும். ஆளை இழந்தால் துக்கம். எதிர்பார்த்தது கிடைக்காவிட்டால் ஏமாற்றம். நாலு பேர் முன்னால் தலைகுனிந்தால் அவமானம். தூரத்தில் இருப்பவரை நினைத்தால் ஏக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகைக் கரையேற்றிவிட்டு அடுத்த மாதச் செலவை நினைத்தால் கவலை. இவை ஐந்தையும் "சோகம்" என்ற ஒரே சொல்லில் போட்டு மூடிவிடாதீர்கள்.

மூன்றாம் படி: வேரைக் கண்டுபிடியுங்கள்

நோட்டில் இதற்கு அதிக இடம் ஒதுக்குங்கள். தமிழ் உணர்ச்சிப் பெயர்களில் பெரும்பாலானவை வினையிலிருந்து பிறந்தவை. பிறக்கும் முறையில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அது பிடிபட்டுவிட்டால் பெயரைப் பார்த்து வினையையும், வினையைப் பார்த்துப் பெயரையும் நீங்களே எடுத்துவிடலாம்.

மெல்லினம் வல்லினமாக இரட்டித்து, கடைசியில் அம் சேர்வது ஒரு வகை. கலங்கு கலக்கம் ஆகும். நடுங்கு நடுக்கம், ஏங்கு ஏக்கம், தயங்கு தயக்கம், இரங்கு இரக்கம், அஞ்சு அச்சம், வருந்து வருத்தம், விரும்பு விருப்பம், குழம்பு குழப்பம்.

டு, று என்று முடியும் வினைகளும் இப்படித்தான் இரட்டிக்கும். வாடு வாட்டம், சீறு சீற்றம், பதறு பதற்றம், ஏமாறு ஏமாற்றம், தடுமாறு தடுமாற்றம். பேச்சில் "பதட்டம்" என்கிறோம், எழுத்திலும் அது நிறையவே புழங்குகிறது. வேர் "பதறு" என்பதை நினைவில் வைத்தால் எழுத்தில் பதற்றம் என்றே வரும்.

ர், ழ், ள் என்று முடிபவை சி விகுதி பெறும். அதிர் அதிர்ச்சி, உணர் உணர்ச்சி, தளர் தளர்ச்சி, மகிழ் மகிழ்ச்சி, நெகிழ் நெகிழ்ச்சி. ள் மட்டும் ட் ஆகும்: மிரள் மிரட்சி, மருள் மருட்சி.

தவித்தான், வெறுத்தான் என்று இறந்த காலத்தில் த்த் வாங்கும் வினைகள் பெரும்பாலும் ப்பு என்று முடியும். தவிப்பு, வெறுப்பு, திகைப்பு, பூரிப்பு, சலிப்பு, மலைப்பு, அருவருப்பு, கொந்தளிப்பு. படபட, பதைபதை, பரபர, சிடுசிடு போன்ற இரட்டைக் கிளவிகளும் இதே வழியில் படபடப்பு, பதைபதைப்பு, பரபரப்பு, சிடுசிடுப்பு என்று பெயராகும். குமுறல், புலம்பல், விசும்பல், கதறல் என்று அல் சேர்வதும் உண்டு. இவற்றில் உணர்ச்சியோடு ஓசையும் சேர்ந்து கேட்கும்.

பொறாமையைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பொறு என்ற வினையோடு மை சேர்ந்தால் பொறுமை, நடுவே ஒரு எதிர்மறை ஆ வந்தால் பொறாமை. அடுத்தவர் நன்றாக இருப்பதைப் பொறுக்க முடியாத நிலை.

இந்தப் படியில் அடிக்கடி சறுக்கும் ஓர் இடம் இருக்கிறது. இரட்டித்த அதே வடிவம் பிறவினையையும் தரும். கலங்கு தன்வினை, கலக்கு பிறவினை. வருந்து, வருத்து. ஏமாறு, ஏமாற்று. பெயரோ கலக்கம், வருத்தம், ஏமாற்றம். பெயர் வடிவத்தில் பிறவினையைப் போலத் தெரிந்தாலும் பொருளில் அது தன்வினையின் பெயர். ஏமாற்றம் ஏமாந்தவருக்கு உரியது. "வியாபாரி ஏமாற்றம் செய்துவிட்டார்" என்று மனுவில் எழுதினால் பொருள் கெட்டுவிடும். "வியாபாரி ஏமாற்றிவிட்டார், எங்களுக்குப் பெரிய ஏமாற்றம்" என்று எழுத வேண்டும்.

கோபம், பயம், துக்கம், சோகம், அவமானம் போன்றவை வடமொழி வழி வந்தவை. கோபித்தான், பயந்தான் என்று இவற்றில் சில வினையாகவும் ஆகிவிட்டன. மற்றவற்றுக்குத் துணைவினை வேண்டும். அது அடுத்த படி.

நான்காம் படி: பெயரை வினையாக்குங்கள்

படு, கொள், அடை, வா. இந்த நான்கும் பாதி வேலையை முடித்துவிடும். எது எதோடு சேரும் என்பதில்தான் சூட்சுமம்.

"வா", தானாகக் கிளம்பும் உணர்ச்சிக்கு. கோபம் வந்தது, ஆத்திரம் வந்தது, அழுகை வந்தது, வெட்கம் வந்தது. "ஏமாற்றம் வந்தது" என்று யாரும் சொல்வதில்லை. "அடை", ஒரு செய்தியோ நிகழ்ச்சியோ நம்மைக் கொண்டுபோய் நிறுத்தும் நிலைக்கு: ஏமாற்றம் அடைந்தார், அதிர்ச்சி அடைந்தார், மகிழ்ச்சி அடைந்தார், வேதனை அடைந்தார். "அதிர்ச்சிப்பட்டார்" காதுக்கு ஒட்டாது. "கொள்" கொஞ்சம் எழுத்துநடை: கோபம் கொண்டார், வெறுப்புக் கொண்டார். "படு" அன்றாடத்துக்கு: கோபப்படு, பயப்படு, கவலைப்படு, பொறாமைப்படு, வெட்கப்படு. ஆறுதல் சொல்லும்போது பெரும்பாலும் நமக்கு வருவது இதுதான். "கவலைப்படாதீங்க மதனி, அண்ணன் படகு பக்கத்துத் துறையிலதான் நிக்கும்" என்பதில் வேறு எந்தத் துணைவினையும் உட்காராது.

புணர்ச்சியில் ஒரு சின்னக் கவனம் போதும். படு சேரும்போது ம் போய்ப் ப் வரும்: கோபப்படு, துக்கப்படு. பொறாமைப்படு, கவலைப்படு என்பவற்றில் ப் மிகும்.

ஐந்தாம் படி: யாருக்கு, யார்?

"எல்லோரும் பயமாக இருந்தார்கள்" ஏன் இடிக்கிறது என்பதற்கு விடை இங்கே. தமிழில் உணர்ச்சியை இரண்டு விதமாகச் சொல்லலாம். அனுபவிப்பவரை எழுவாயாக்கி "நான் பயந்தேன்", "நான் பயப்பட்டேன்" என்பது ஒன்று. அவரை நான்காம் வேற்றுமையில் வைத்து "எனக்குப் பயமாக இருந்தது", "எனக்குப் பயம் வந்தது" என்பது இன்னொன்று. இரண்டாவதில் உணர்ச்சிதான் மையம், ஆள் அதைத் தாங்குகிற இடம்.

"பயமாக இருந்தது" என்பது போல "ஆக"வும் "இரு"வும் சேரும் அமைப்பில் எல்லாச் சொல்லும் ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை. "அவன் சந்தோஷமாக இருந்தான்" சரி, "அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது" என்பதும் சரி. சோகமாக, கவலையாக, கோபமாக என்பவையும் இரண்டு பக்கமும் போகும். முகத்தில் தெரிகிற நிலையைச் சொல்ல முதல் வடிவம், உள்ளே நடப்பதைச் சொல்ல இரண்டாவது. ஆனால் பயம், வெட்கம், அவமானம், அருவருப்பு ஆகியவை இரண்டாவதையே கேட்கும். "அவனுக்குப் பயமாக இருந்தது" என்றுதான் எழுத வேண்டும். "அவன் பயமாக இருந்தான்" என்று எழுதினால் அவனைப் பார்த்து நமக்குப் பயம் என்ற அர்த்தம்கூட வந்துவிடும். "அந்த இடம் அருவருப்பாக இருந்தது" என்பதையும் "எனக்கு அருவருப்பாக இருந்தது" என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எழுவாயாக நிற்பது உணர்ச்சியைத் தூண்டிய பொருள், "எனக்கு" என்று நிற்பது அதை அனுபவித்தவர்.

ஆகவே புதிய சொல் ஒன்றை நோட்டில் எழுதும்போது "எனக்கு ... ஆக இருக்கிறது", "நான் ... ஆக இருக்கிறேன்" இரண்டிலும் போட்டு, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வீட்டில் பேசுகிற தமிழே சரியானதைக் காட்டிக்கொடுக்கும்.

ஆறாம் படி: யார்மேல், எதற்கு?

உணர்ச்சிப் பெயருக்கும் அதன் வினைக்கும் வேற்றுமை வேறுபடும். வெறுப்பு ஒருவர்மேல் வரும், வெறுப்பதோ ஒருவரை. அவன்மேல் கோபம், ஆனால் அவனைக் கோபித்துக்கொண்டார். "அவனோடு கோபித்துக்கொண்டு போய்விட்டாள்" என்றால் மனத்தாங்கல், பேச்சு நின்றுவிட்டது. "அவனைக் கோபித்துக்கொண்டாள்" என்றால் திட்டினாள், அவ்வளவுதான். ஓர் உருபு இரண்டு உறவுகளைப் பிரித்துக் காட்டிவிடுகிறது.

ஏங்குவது ஒன்றுக்கு, அல்லது ஒன்றை நினைத்து. வருந்துவது ஒன்றுக்காக. அஞ்சுவது ஒன்றுக்கு. பொறாமை அடுத்தவர்மேல், அல்லது அவரைப் பார்த்து.

பயத்தில் ஒரு சிக்கல். "அம்மாவுக்குப் பயம்" என்றால் பயப்படுவது அம்மாவா, அம்மாவைக் கண்டு பிள்ளையா? இரண்டுக்கும் இடம் இருக்கிறது. "தம்பிக்கு அம்மாவிடம் பயம்" என்றோ, "தம்பிக்குக் கடலைக் கண்டால் பயம்" என்றோ எழுதினால் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஏழாம் படி: அடை வடிவங்கள்

ஆன, ஆக இரண்டையும் எல்லாச் சொல்லோடும் ஒட்டிவிடலாம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பயந்த, பயமான, பயங்கரமான மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். பயந்த பிள்ளை: உணர்ச்சி பிள்ளைக்குள் இருக்கிறது. பயங்கரமான புயல்: உணர்ச்சியை உண்டாக்குவது புயல். பயமான இடம்: இதுவும் உண்டாக்குவதுதான், ஆனால் கொஞ்சம் பேச்சுவழக்கு. "பயந்த" போன்ற பெயரெச்சம் அனுபவிப்பவரைச் சுட்டும், ஆன வடிவம் பெரும்பாலும் காரணத்தைச் சுட்டும். கோபமான முகம், சந்தோஷமான குடும்பம் போன்றவை விலக்கு.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது. இதை எழுதுகிற மாணவர்கள் "துயரமான குடும்பங்கள்" என்று எழுதுவதுண்டு. துயரமான நிகழ்ச்சி, துயருற்ற குடும்பங்கள் என்று பிரித்து எழுத வேண்டும். எதிர்மறைக்கு அற்ற, இல்லாத, ஆத மூன்றும் உண்டு: அச்சமற்ற, பயமில்லாத, அஞ்சாத.

வினையடையில் நுட்பம் கூடுதல். கோபமாகப் பேசினார் என்றால் பேச்சின் தொனி. கோபத்தோடு பேசினார் என்றால் கோபமும் கூடவே இருந்தது. கோபத்தில் பேசிவிட்டார் என்றால் அதில் ஒரு மன்னிப்பு ஒளிந்திருக்கிறது, கோபம் இல்லாவிட்டால் பேசியிருக்கமாட்டார். சண்டையைச் சமாதானம் பண்ணப் போகிறவர் எப்போதும் மூன்றாவதைத்தான் சொல்வார். "ஏதோ கோபத்துல பேசிட்டான், மனசுல வச்சுக்காதீங்கண்ணே."

எட்டாம் படி: உண்டாக்குபவரும் உடையவரும்

உணர்ச்சியை அடுத்தவரிடம் உண்டாக்குவதற்கு மூன்று வழி. கோபமூட்டு, எரிச்சலூட்டு, வெறுப்பூட்டு என்று ஊட்டு. அவமானப்படுத்து, வேதனைப்படுத்து என்று படுத்து. அச்சுறுத்து, பயமுறுத்து, துன்புறுத்து என்று உறுத்து. மகிழ்வி, மிரட்டு, கலக்கு போன்றவற்றுக்குத் துணையே வேண்டாம். மனு எழுதுகிறவர்களுக்கு "மிரட்டினார்", "அச்சுறுத்தினார்" இரண்டும் வேண்டியிருக்கும். மிரட்டல் பெரும்பாலும் வாய்ச்சொல்லால் வருவது. அச்சுறுத்தலுக்குச் சொல் தேவையில்லை, சூழ்நிலையே போதும்.

ஆளைக் குறிக்கக் கோபக்காரர், முன்கோபி, பொறாமைக்காரர், பயந்தாங்கொள்ளி, சிடுமூஞ்சி, அழுமூஞ்சி. இவற்றில் பல வசைச் சொற்கள் என்பதால் கதை உரையாடலுக்கு வெளியே அளவோடு வையுங்கள்.

ஒன்பதாம் படி: ஏற்றமும் இறக்கமும்

உணர்ச்சி எப்படி முடிகிறது என்பதற்கும் ஒவ்வொரு சொல்லும் தன் வினையை வைத்திருக்கிறது. கோபம் தணியும், ஆறும். பயம் தெளியும். ஏக்கம் தீரும். ஆத்திரம் அடங்கும், அல்லது ஆத்திரத்தைத் தீர்த்துக்கொள்வார்கள். துக்கம் தொண்டையை அடைக்கும், நாளாக நாளாக ஆறும். வெட்கம் பிடுங்கித் தின்னும். உடம்போடு சேர்ந்த வழக்குகளையும் எழுதிவையுங்கள்: வயிற்றைக் கலக்கியது, ஈரக்குலை நடுங்கியது, பகீரென்றது, வயிறு எரிந்தது. வயிற்றெரிச்சல் என்ற பெயரில் பொறாமையும் இருக்கிறது, அநியாயம் கண்ட வேதனையும் இருக்கிறது. எது என்று சூழல்தான் சொல்ல வேண்டும்.

கடலுக்குச் சொல்லும் சொற்கள் இந்தக் கரையில் மனதுக்கும் அப்படியே பொருந்துகின்றன. பொங்குவது, குமுறுவது, சீறுவது, கொந்தளிப்பது, அடங்குவது எல்லாம் இரண்டுக்கும் பொது. மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் சொல்லிப் பழகிய ஊரில் இது இயல்பாகவே வரும். ஒரே பத்தியில் கடலும் சீறி, கூட்டமும் சீறினால் மட்டும் இரண்டில் ஒன்றை மாற்றிவிடுங்கள்.

பத்தாம் படி: ஒரு பத்தியைத் திருத்திப் பாருங்கள்

இதுவரை பார்த்ததை வைத்து இந்தப் பத்தியை எடுத்துக்கொள்வோம்.

"புயல் வந்தபோது எல்லோரும் மிகவும் பயமாக இருந்தார்கள். மாமா கடலுக்குப் போயிருந்தார். அத்தை மிகவும் சோகமாக இருந்தார். விசாரிக்கப் போன அண்ணன் மிகவும் கோபமாக இருந்தார். மாமா வந்ததும் எல்லோரும் மிகவும் சந்தோஷமாக இருந்தார்கள்."

நாலு "மிகவும்", நாலு "இருந்தார்". அத்தைக்கு இருப்பது சோகமா? ஆள் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். அங்கே வேண்டியது தவிப்பு. அண்ணனின் கோபத்துக்குக் காரணமே சொல்லவில்லை. திருத்தினால்:

"கூண்டு ஏற்றிய செய்தி வந்தபோது மாமாவின் படகு கடலில் இருந்தது. எங்களுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அத்தைக்கு இருப்புக்கொள்ளவில்லை, வாசலுக்கும் அடுப்படிக்குமாகத் தவித்துக்கொண்டிருந்தார். விசாரிக்கப் போன இடத்தில் பதில் சொல்ல ஆளில்லை. அண்ணனுக்கு முதலில் எரிச்சல், பொழுது போகப் போக ஆத்திரம். விடியற்காலையில் படகு கரைக்கு வந்த பிறகுதான் பயம் தெளிந்தது. மாமாவைப் பார்த்ததும் அத்தை அவரைக் கோபித்துக்கொண்டார்."

"மிகவும்" ஒன்றுகூட இல்லை. மகிழ்ச்சி என்ற சொல்லும் இல்லை. "அவரைக்" என்ற ஐ உருபு இருப்பதால் அத்தையின் கோபம் மனத்தாங்கல் இல்லை, திட்டித் தீர்க்கிற கோபம் என்பது தெரிகிறது. "அவரோடு" என்று மாற்றினால் கதையே வேறாகிவிடும்.

இதே பத்தியை இனி நீங்கள் இரண்டு விதமாக எழுதிப் பாருங்கள். ஒன்று அண்ணன் அதிகாரிக்கு எழுதும் மனுவாக. அதில் "ஆத்திரம்" வரக் கூடாது, "வேதனை அடைந்தோம்", "அலைக்கழிக்கப்பட்டோம்" போன்றவை வரலாம். இன்னொன்று அத்தை தன் அக்காவிடம் மறுநாள் போனில் சொல்வதாக. அதில் "அடைந்தேன்", "கொண்டேன்" எதுவும் வரக் கூடாது. "ஈரக்குலையே நடுங்கிப்போச்சுக்கா" என்று தொடங்கலாம்.